ஃபுளூ பெருந்தொற்று வருமுன் தொழிற்சாலையும் உள்ளாட்சியும் செய்து முடிக்க வேண்டியவை: வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஊருக்குள் ஃபுளூ பெருந்தொற்று பரவும்போது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக ஆள் பற்றாக்குறை வந்துவிடுகிறது. காய்ச்சலில் படுத்தவர், படுத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், பள்ளி மூடியதால் வீட்டில் தங்கியவர், பயந்து வராதவர் என நால்வகையினரும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே, கீழே உள்ள படிகள் அனைத்தும் வரக்கூடியவர்களைக் கொண்டு எதை நடத்துவது என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளிலும், குடியாத்தத்தைச் சுற்றியுள்ள சில ஊராட்சிகளிலும் இத்தகைய திட்டங்களை எழுதும்போதும் ஒத்திகை பார்க்கும்போதும் உடனிருந்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் காலமும் கையில் இருக்க வேண்டியவையும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாதாரண ஃபுளூவே கூடுகிறது. ஆகவே ஆகஸ்டில் வேலையைத் தொடங்கி, ஊராட்சியானால் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் திட்டத்தை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றிவிடுவது நல்லது. தீர்மானம் முன்பே இருந்தால், நெருக்கடியின்போது செலவுக்கு ஒப்புதல் தேடி ஓட வேண்டியதில்லை.

முதல் கூட்டத்துக்கு முன் நான்கு பொருள்களைத் திரட்டுங்கள். கடந்த ஓராண்டின் வருகைப் பதிவேடு, பணியாளர் எந்தெந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் வருகிறார் என்ற பட்டியல், எல்லாச் சாவிகளும் யார் யாரிடம் உள்ளன என்ற குறிப்பு, மருந்து முதல் டீசல் வரை தருபவர்களின் கைப்பேசி எண்கள் ஆகியவையே அவை. இவை இல்லாமல் கூடினால் கூட்டம் ஊகங்களிலேயே முடிந்துபோகும்.

வருகைப் பதிவேட்டிலிருந்து, சாதாரண நாளில் எத்தனை பேர் வருவதில்லை என்று மாதவாரியாகக் கணக்கிடுங்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் வாரங்களையும், குடியாத்தம் பக்கமானால் வைகாசியில் வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாள்களையும் தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றைச் சேர்த்தால் சராசரி உயர்ந்து, பின்னால் உண்மையான கூடுதல் வரும்போது கண்ணில் படாது.

2. பொருள் வாங்குவதற்கு முன் வேலைகளைப் பிரியுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, முதல் நாளே முகக்கவசத்துக்கும் சானிடைசருக்கும் ஆர்டர் கொடுப்பது. எத்தனை பேர், எந்த வேலைக்கு, எத்தனை வாரம் வரப்போகிறார்கள் என்று தெரியாமல் எந்த அளவும் சரியாக வராது.

எல்லா வேலைகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு நாளும் நிற்கக் கூடாதவை, ஒன்றிரண்டு வாரம் தள்ளக்கூடியவை, அறிவிப்பு வந்த அன்றே நிறுத்தக்கூடியவை. துறைத் தலைவர்களிடம் கேட்டால் தங்கள் துறையில் எல்லாமே முதல் வகை என்பார்கள். "இது நின்றால் நாளை மறுநாள் யாருக்கு என்ன கேடு?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பதில் வராதவை இரண்டாம் வகைக்குப் போகட்டும்.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் இந்தப் பிரிவுக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்பிட்ட பச்சைத் தோல் கிடங்கில் காத்திருக்கும். ஆனால் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்புக்கு ஏற்றிய தோலைப் பாதியில் விட்டால் அழுகிவிடும். அதைக் குரோம் ஏற்றி, வெட் ப்ளூ நிலைக்கு, அதாவது தோல் நீல நிறமாகி ஈரத்தோடும் கெடாமல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் நிறுத்தி வைக்கலாம். ஆகவே, ஆள் குறையும் என்ற எச்சரிக்கை வந்தவுடன் முதலில் நிறுத்த வேண்டியது புதிய தோலை ஊறப்போடுவதைத்தான். ஏற்கெனவே ஊறியவற்றை வெட் ப்ளூ வரை கொண்டுசெல்லத் தேவையான ஆள்களின் எண்ணிக்கையே உங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை ஆகும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் முதல் வகையில்தான் வரும். காற்றூட்டும் தொட்டியில் காற்று நின்றால் அங்குள்ள நுண்ணுயிர்கள் மடிந்து, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர நெடுநாள் ஆகும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஆள் குறைந்த நாள்களில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவரையும் இறக்கக் கூடாது. சல்ஃபைடு கலந்த கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில நொடிகளில் உயிரைப் பறிக்கக்கூடியது. மேலே நின்று கவனிக்கப் போதிய ஆள் இல்லாத நாளில் அந்த ஆபத்து பன்மடங்காகிறது. அந்தப் பணியைத் திட்டத்திலேயே "தொற்று அலை முடியும் வரை இல்லை" என்று எழுதி, மேலாளர் கையெழுத்திடட்டும்.

காலணித் தொழிற்சாலையில் தையல் வரிசை நின்றாலும் பொருள் கெடுவதில்லை. அங்கே இரண்டாம் வகையே அதிகம். சம்பளப் பட்டுவாடா, காவல், மின்சாரம், தீயணைப்பு ஆகியவை மட்டும் முதல் வகை. சம்பளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைக் கணினியில் ஏற்றத் தெரிந்த ஒரே எழுத்தர் காய்ச்சலில் படுத்தால், எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் பாதிக்கப்படும்.

3. நிற்கக் கூடாத ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பெயர்கள்

உச்ச வாரங்களில் பத்தில் நான்கு பேர் வரமாட்டார்கள் என்று கொண்டு திட்டமிடுங்கள். ஓர் ஊரில் ஓர் அலை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் நீடிக்கும். சில மாதங்கள் கழித்து இன்னோர் அலையும் வரலாம். அதனால் ஒரு மாற்றாள் போதாது. வேலை செய்பவர், முதல் மாற்றாள், இரண்டாம் மாற்றாள் என மூன்று பெயர்களை எழுதுங்கள்.

அந்த மூவரும் ஒரே வீட்டிலோ ஒரே வேனிலோ இருக்கக் கூடாது. அண்ணனுக்குத் தம்பியை மாற்றாளாகப் போடுவது நம் ஊர்களில் இயல்பு. ஆனால் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாளில் தம்பிக்கும் வந்துவிடும். ஃபுளூவில் தொற்றிலிருந்து அறிகுறி தோன்றுவதற்கு ஒன்று முதல் நான்கு நாள்களே ஆகின்றன.

பெயர் எழுதுவதோடு நிறுத்தாமல், மாற்றாளை அந்த வேலையை ஒரு முழு நாள் தனியே செய்யச் சொல்லிப் பாருங்கள். ஓர் ஊராட்சியில், டேங்க் ஆபரேட்டர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு மாற்றாளை மோட்டார் அறைக்கு அனுப்பினோம். பூட்டின் சாவி ஆபரேட்டரின் அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது. பழைய சாவி ஒன்றைத் தேடித் திறந்தபோது, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று மாற்றாளுக்குத் தெரியவில்லை. அதெல்லாம் இருபது ஆண்டுகளாக அந்த ஒருவரின் நினைவில் மட்டுமே இருந்திருக்கிறது. காலனிக்குத் தண்ணீர் போகாமல் நின்றபோதுதான் அது எல்லோருக்கும் உறைத்தது. அன்று மாலையே வால்வுகளின் மேல் பெயின்ட்டால் தெருப்பெயர்களை எழுதி, இரண்டாம் சாவி வெட்டி ஊராட்சி அலுவலகத்தில் மாட்டினோம். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் சுவரில் எழுதிவைத்தோம்.

4. எந்த நிலையில் என்ன செய்வது என்பதை எண்ணால் எழுதுங்கள்

"நிலைமை மோசமானால்" என்று எழுதிய திட்டம் பயன்படாது. மோசமாகிவிட்டது என்று சொல்லும் துணிவு யாருக்கும் முதல் நாளில் வருவதில்லை. எண் இருந்தால், மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம்.

நான் பரிந்துரைக்கும் அளவுகள் இவை. புதிய வகை ஃபுளூ மனிதர்களிடையே பரவுவதாக உலக சுகாதார நிறுவனமோ மத்திய அரசோ அறிவித்தால் முதல் நிலை: பட்டியல்களைப் புதுப்பிக்கவும், இருப்பைச் சரிபார்க்கவும். மாவட்டத்தில் தொற்று உறுதியானாலோ, வராதோர் எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு நாள் வழக்கத்தைப் போல இருமடங்கானாலோ இரண்டாம் நிலை: வேலை நேரத்தை மாற்றவும், புதிய தோலை ஊறப்போடுவதை நிறுத்தவும். நான்கில் ஒருவர் வராவிட்டால் மூன்றாம் நிலை: முதல் வகை வேலைகள் மட்டும். வருகை இரண்டு வாரம் வழக்கமான அளவில் நீடித்த பிறகே நிலையை இறக்குங்கள். ஆர்டர் நெருக்கடியால் ஒரு வாரத்திலேயே இறக்கிவிட்டு, மறு வாரம் மீண்டும் ஏற்ற நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிகளையும் சந்தைகளையும் மூடும் ஆணை மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வரும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியரே. ஆனால் உங்கள் தொழிற்சாலையின் உள் மாற்றங்களுக்கு அந்த ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

5. காய்ச்சல் உள்ளவர் வீட்டில் இருக்கும்படி சம்பள விதியை மாற்றுங்கள்

இந்தப் படிதான் பரவலைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. இதையே பெரும்பாலான நிறுவனங்கள் கடைசிக்குத் தள்ளுகின்றன. ஃபுளூ கண்டவர், அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பிறருக்குத் தொற்றைக் கொடுக்கலாம். அந்த நாள்களில் அவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதற்குக் காரணம் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் மாத வருகை போனஸ் முழுவதும் போய்விடுகிறது என்பதே காரணம்.

ஆகவே இரண்டாம் நிலை அறிவித்த நாளிலிருந்து காய்ச்சல் விடுப்புக்கு வருகை போனஸில் பிடித்தம் இல்லை என்று எழுத்தில் அறிவித்து, கேட்டருகே ஒட்டுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் உள்ளவர்களுக்குப் பங்களிப்பு நிபந்தனை நிறைவேறியிருந்தால் நோய்க்கால உதவியாகச் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்கு அது கிடையாது. அந்த இரண்டு நாள் சம்பளத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் காய்ச்சல் தொடங்கிய அன்றே தொழிலாளி வீட்டில் தங்குவார். அந்த இரண்டு நாள் சம்பளத்தோடு, ஒரு தையல் வரிசையே படுத்துக்கொள்ளும் இழப்பை ஒப்பிட்டு நிர்வாகத்திடம் எடுத்துச்சொல்லுங்கள்.

காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு திரும்பி வரலாம். அரசு அதிக நாள் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதியை அலையின்போது தள்ளிவையுங்கள். சான்றிதழுக்காக மட்டும் நூறு பேர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால், அந்த வரிசையிலேயே தொற்று பரவும். உண்மையில் மூச்சுத் திணறல் உள்ளவர் பின்னால் நிற்க நேரும்.

வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் எட்டுவதில்லை. சுற்றிய அளவுக்கே கூலி என்பதால் காய்ச்சலோடும் சுற்றுவார்கள். இலையும் தூளும் கொடுத்து, சுற்றியதைத் திரும்ப வாங்கும் இடத்தில்தான் கூட்டம் சேர்கிறது. அங்கே தெருவாரியாக நேரம் பிரித்துக்கொடுக்குமாறு ஏஜென்டுகளிடம் உள்ளாட்சி முன்பே பேசிவைக்க வேண்டும்.

6. வேன், கேன்டீன், வேலை நேரம்

உற்பத்திக் கூடத்தில் மூன்றடி இடைவெளி விட்டுக் கோடு போட்டுவிட்டு, அதே பெண்களை ஒரு வேனில் நெருக்கி ஏற்றி அனுப்பும் தவறை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் ஒரு மணி நேரம் வரை வண்டியில் அமர்ந்திருக்கிறார்கள். வண்டியைச் சரிசெய்யாமல் கூடத்தைச் சரிசெய்வதில் பயன் குறைவு.

ஒவ்வொருவருக்கும் வேனும் இருக்கையும் நிலையாக இருக்கட்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அருகில் இருந்தவர்களை உடனே கவனிக்க முடியும். மழை பெய்தாலும் சன்னல்களை ஒரு கை அகலமாவது திறந்துவையுங்கள். ஒரே ஊர்க்காரர்களை ஒரே ஷிப்டில் போடுங்கள். ஊருக்குள் எப்படியும் சந்திப்பவர்களைப் பிரித்து, இரண்டு ஷிப்டுகளுக்கும் தொற்றைக் கொண்டுபோக வேண்டாம்.

கேன்டீனில் அரைமணி இடைவெளியில் மூன்று பந்தியாகப் பிரித்தால் போதும். கை கழுவும் குழாய்களின் எண்ணிக்கையைப் பந்தியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து குழாய்க்கு இருநூறு பேர் என்றால் யாரும் சோப்புப் போட்டுக் கழுவமாட்டார்கள்.

7. உள்ளாட்சியின் வேலை வரிசை

தண்ணீர், குப்பை, மயானம், வீட்டில் தனித்துக் கிடப்பவருக்கு உணவு, செய்தி என்ற வரிசையில் போங்கள். தண்ணீர் முதலில் வருவதற்குக் காரணம், அது நின்றால் காய்ச்சல்காரரும் குடத்தோடு தெருக்குழாயில் கூடுவார் என்பதே. குடிநீரின் குளோரின் அளவு தெருவின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஆள் குறைந்த வாரத்தில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் மருத்துவமனைகள் தாங்கமாட்டா.

தூய்மைப் பணியாளர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, இரு அணியும் ஓரிடத்தில் கையெழுத்திடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் ஒரே அலுவலகத்தில் கூடும் வழக்கத்தை இரண்டாம் நிலையிலேயே நிறுத்துங்கள். கையுறை, கவசம், சோப்பு ஆகியவை முதலில் இவர்களுக்கே. ஒப்பந்தப் பணியாளர், நிரந்தரப் பணியாளர் என்ற வேறுபாடு இதில் இருக்கவே கூடாது.

வார்டு வாரியாக ஒரு பட்டியல் தயாரியுங்கள்: தனியே வாழும் முதியோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள். கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் ஆகிய மூவரின் பதிவேடுகளையும் சேர்த்தாலே இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். புதிதாக வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போய் மூன்று மாதத்தை இழக்காதீர்கள். உணவு கொண்டுசெல்ல மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் தெருவைப் பிரித்துக்கொடுங்கள்.

வேலூர் மாநகராட்சிக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகியவற்றிலிருந்து வந்த நோயாளிகளும் உடன்வந்தோரும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் எந்த வார்டுப் பட்டியலிலும் இல்லை. ஏற்கெனவே உடல் நலிந்தவர்கள். லாட்ஜ் உரிமையாளர்களிடம் தினமும் காய்ச்சல் எண்ணிக்கை வாங்கும் ஏற்பாட்டை அமைதிக் காலத்திலேயே செய்யுங்கள். காய்ச்சல் என்று சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்லமாட்டோம் என்ற உறுதியை உரிமையாளர்கள் தர வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

8. யார் வீட்டில், யார் மருத்துவமனையில்

இதில் உங்கள் சொந்த விதி எதையும் உருவாக்க வேண்டாம். 2009 முதல் நம் நாட்டில் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) நோயாளிகளுக்குப் பயன்படும் ஏ, பி, சி பிரிவுகளை அப்படியே ஒட்டிவையுங்கள். லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி உள்ளவர் ஏ பிரிவு: வீட்டில் ஓய்வு, பரிசோதனை தேவையில்லை, ஓரிரு நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். கடுங்காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் உள்ளவர்களும், அறிகுறி லேசாக இருந்தாலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நாள்பட்ட நோயாளிகளும் பி பிரிவு: ஒசெல்டமிவிர் என்ற ஃபுளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். அந்த மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு வேலை செய்யும் என்பதால், இவர்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சி பிரிவு: உடனே 108 அழைத்து மருத்துவமனைக்கு. ஒசெல்டமிவிரை நிறுவனமே மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் கொடுப்பது தவறு. மருந்துக்கு எதிர்ப்பு வளர அது வழிசெய்யும். புதிய வகைக்குத் தடுப்பூசி வர ஏறத்தாழ ஐந்தாறு மாதம் ஆகும் என்பதால், முதல் அலையைத் தடுப்பூசி இல்லாமல் கடப்பதாகவே திட்டமிடுங்கள்.

9. இப்போது பொருள்களை வாங்குங்கள்

முதல் வகை வேலையாள்கள் எத்தனை பேர் என்பது இப்போது தெரியும். அவர்களுக்கு எட்டு வாரத்துக்கான சோப்பும் கவசமும் முதல் கணக்கு. ஃபுளூ வைரஸைச் சோப்பே அழித்துவிடும். விலையுயர்ந்த திரவங்கள் தேவையில்லை.

அடிக்கடி தொடும் கைப்பிடிகளுக்கும் கழிப்பறைக்கும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் போதும். 5 சதவீதத் திரவமானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்க்கவும். அன்றன்றைக்குக் கலக்கவும். பிளீச்சிங் பவுடரை ஆண்டுக்கணக்கில் சேமிக்காதீர்கள், வீரியம் போய்விடும். தோல் தொழிற்சாலையில் இவற்றை அமிலக் கிடங்கிலிருந்து தனியாக, பூட்டிய இடத்தில் வையுங்கள். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆள்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். அது கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும், தொற்றைத் தடுக்காது.

10. செய்தி

நிறுவனத்துக்கு ஒருவர், ஊராட்சிக்கு ஒருவர் மட்டுமே அறிவிப்புச் செய்ய வேண்டும். தமிழோடு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுவிலும், ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும், வடமாநிலத் தொழிலாளர் விடுதிகளில் இந்தியிலும் அறிவிப்பைத் தயாராக வைத்திருங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி கேட்பதை இப்போதே முடித்துவிடுங்கள். நோயுற்றவர் பெயரை ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு பெயர் வெளியானால் அடுத்த பத்துப் பேர் மறைப்பார்கள்.

11. எல்லாத் திட்டங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள்

தொழிற்சாலைகள், உள்ளாட்சி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை தனித்தனியே திட்டம் எழுதும்போது, ஒரே ஆளைப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் நான்கு திட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, ஒரே வேன் ஓட்டுநர் மூன்றில் இருந்தார்: தொழிற்சாலைக்கு ஆள் ஏற்ற, ஊராட்சிக்கு உணவு கொண்டுபோக, பள்ளிக்கு அவசர வண்டியாக. அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. பெயர்களைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போங்கள். இரண்டு முறை சுழிக்கப்பட்டவருக்கு அங்கேயே ஒரு வேலையை மட்டும் ஒதுக்கி, அவரது ஒப்புதலையும் வாங்குங்கள்.

பிறகு அரைநாள் ஒத்திகை. வருகைப் பதிவேட்டில் பத்துக்கு நான்கு பெயர்களைச் சீட்டுக் குலுக்கி நீக்கிவிட்டு, மிச்சம் உள்ளவர்களைக் கொண்டு அன்றைய முதல் வகை வேலைகளை உண்மையாகவே செய்து பாருங்கள். நீக்கப்பட்டவர்களிடம் தொலைபேசியில் கேட்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. எங்கே கேட்க வேண்டியிருந்தது என்பதை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவியோ, ஒரு கடவுச்சொல்லோ, சுவரில் எழுதிய ஒரு வரியோ பதினைந்து நாள்களுக்குள் ஏற்பாடாக வேண்டும். ஆள்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பெயர்ப் பட்டியலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தி, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.